லஞ்ச் கோட்டில் ஊதாப் புள்ளி

"கடைசியா எப்போ பசிச்சுச் சாப்பிட்டீங்க?" என்று டல்சி பட்ஜெலிடம் ஒரு டாக்டர் ஒருமுறை கேட்டார்.

அப்போது அவள் டொராண்டோவில் இருந்தாள். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை. டல்சி யோசித்துப் பார்த்தாள். எட்டு மணிக்குச் சாப்பிடுவாள், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவாள், ஆறு மணிக்குச் சாப்பிடுவாள், நடுவிலும் சாப்பிடுவாள். இதில் பசி எங்கே வந்தது என்று தெரியவில்லை. "ஞாபகமில்லை" என்றாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் நூற்றுப் பதினெட்டு கிலோ என்றும் எழுதினார்.

பத்தொன்பது வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது சொந்த ஊரான ஹன்னாஸ் டிக்கிளுக்குத் திரும்பியிருந்தாள். சமையலறைதான் ஆபீஸ். நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீன் பிடிக்கத் தடை வந்து நாலாவது வருடம். படகு எஞ்சின் திருட்டைத் தவிர கேஸ் என்று எதுவும் வருவதில்லை. அதுவும் இப்போது குறைந்துவிட்டது. எஞ்சினைத் திருடி என்ன செய்வது?

நேற்று வந்த கேஸ் வேறு மாதிரி. அது மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கோடு போட்ட தாளாக உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் ஹெட்லி ஸ்நூக். டல்சியின் உதவியாளன், டிரைவர், மீன் இல்லாத மீனவன்.

"கேப்டன், எழுதிக்குங்க" என்றான் டல்சியிடம். "இறந்தது என் கண்ணு. கொன்னது கோடு. எத்தனை கோடு? ஆயிரத்துக்கு மேல. எண்றப்பவே ஒரு கண்ணு போயிடுச்சு."

"இன்னொரு கண்ணு இருக்கில்ல. பாரு."

பெட்டியைக் கொண்டு வந்தவள் ஊர் நர்ஸ் ஃபெர்ன் பெல்லி. டொராண்டோவில் ஒரு மாத்திரைக் கம்பெனி, கடற்பாசி நாரைப் பொடி செய்து, பச்சை உறையில் அடைத்து அனுப்பியிருந்தது. காலையில் ஒன்று விழுங்க வேண்டும். அது வயிற்றில் ஊறி உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும், அப்புறம் பசிக்காது என்பது அவர்கள் கணக்கு. உடம்பு பருத்த இருபத்தோரு பேர் நவம்பரிலிருந்து அதை விழுங்கி வந்தார்கள். விழுங்குகிறவர்களுக்குத் தினமும் மூன்று கோடு. பிரேக்ஃபாஸ்டுக்கு முன்னால் ஒன்று, லஞ்சுக்கு முன்னால் ஒன்று, டின்னருக்கு முன்னால் ஒன்று. ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் நீளம். இடது கோடியில் 'கொலைப்பசி', வலது கோடியில் 'வயிறு நிறைந்திருக்கிறது'. எந்த இடத்தில் இருக்கிறோமோ அங்கே குறுக்கே ஒரு கீறல் போட வேண்டும். வாரக் கடைசியில் ஃபெர்ன் தாள்களை வாங்கி டொராண்டோவுக்கு ஃபேக்ஸ் அனுப்புவாள்.

டொராண்டோ சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தது. வெறும் மாவு மாத்திரை கொடுத்து அவர்கள் சோதித்த நகரத்து ஆட்களுக்கு லஞ்ச் நேரத்தில் நல்ல பசி. ஹன்னாஸ் டிக்கிள்காரர்களுக்கோ லஞ்ச் நேரத்தில் பசியே இல்லை. டின்னர் நேரத்தில் மறுபடி பசி. காலையில் போட்ட மாத்திரை மத்தியானம் வரை பிடித்து நின்று, சாயங்காலம் விட்டுவிடுகிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

எல்லாரையும் மிஞ்சியவள் ஃபெர்னின் அக்கா மேவிஸ். நாலு மாதத்தில் நாற்பத்தாறு பவுண்டு இறங்கியிருந்தாள். அவள் படத்தை மாத்திரை டப்பாமேல் போடப் போகிறார்கள். படம் எடுக்கிறவன் நாளை, வெள்ளிக்கிழமை, வருகிறான்.

"அக்கா ஒரு உருளைக்கிழங்கை முழுசா முடிக்க மாட்டேங்கறா" என்று ஃபெர்ன் நேற்று இதே மேஜையில் சொன்னாள். "ரெண்டு வாய், போதும்ங்கறா. ஆஸ்பத்திரிக்கு வா, உள்ள என்னன்னு பாத்துடலாம்னா, 'மாத்திரை வேலை செய்யுதுடி, ஊருக்கே பசிக்கல, என்னை மட்டும் ஏன் இழுக்கற'ங்கறா. டல்சி, மாத்திரைதான்னா எனக்குச் சந்தோஷம். மாத்திரை இல்லைன்னா அவ வயித்துல வேற எதுவோ இடம் பிடிச்சிருக்கு. ரெண்டுல எதுன்னு எனக்கு நாளைக்குள்ள தெரியணும். கேமரா முன்னாடி சிரிச்சுட்டான்னா அப்புறம் அவளை அசைக்க முடியாது."

டல்சி தாள்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். ஃபேக்ஸில் எல்லாம் கறுப்பாகப் போயிருக்கும். அசல் தாள்களில் நிறம் இருந்தது. பென்சில் கீறல், நீலப் பேனாக் கீறல். அங்கங்கே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஊதாப் புள்ளி.

"இது என்ன?"

ஹெட்லி மூக்கருகே பிடித்துப் பார்த்தான். "பிங்கோ பேனா. நம்பர் வந்ததும் கட்டத்து மேல பொத்துனு ஒரு குத்து. என் மாமியார் குத்துற குத்துல சர்ச் ஹாலே ஆடும்."

"பிங்கோ என்னிக்கு?"

"புதன்கிழமை. ராத்திரி ஏழரைக்கு."

டல்சி புள்ளி உள்ள தாள்களைப் பிரித்து எடுத்தாள். பதினோரு பேர். எல்லாப் புள்ளியும் புதன்கிழமை. எல்லாம் லஞ்ச் கோட்டின்மேல்.

"லஞ்ச் கோட்டுல பிங்கோ மை. உனக்கு இது விசித்திரமா இல்லயா?"

"எனக்கு விசித்திரமா இருக்கறது ஒண்ணுதான். என் மாமியார் இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல."

ராத்திரி ஹாலில் கூட்டமாக உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் பொய்யாகக் குத்தியிருக்கிறார்கள் என்று டல்சி நினைத்தாள். இன்ஷூரன்ஸ் வேலையில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறாள். புள்ளிகளில் பெரியது கோவர் ரைட்அவுட் என்பவருடையது. அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வண்டிய எடு."

"பன்னெண்டு மணிக்கா? கோவர் மாமா வீட்டுக்கா?" ஹெட்லி ஏற்கெனவே தொப்பியை மாட்டிவிட்டான். "கேப்டன், உங்ககிட்ட வேலைக்குச் சேந்ததுக்கு இன்னிக்குத்தான் அர்த்தம் கிடைச்சுது."

வியாழக்கிழமை என்பதால் கோவர் வீட்டில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைகோஸும் டர்னிப்பும் ஒரே பானையில் வெந்திருந்தன. கோவர் முன்னூறு பவுண்டு ஆள். நாற்காலி அவருக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை.

"வா பொண்ணே, தட்டெடு. ஹெட்லி, உனக்கு நான் சொல்லணுமாடா?"

"வேண்டாம் மாமா" என்றான் ஹெட்லி, வாயில் உருளைக்கிழங்கோடு.

டல்சி எதிரே உட்கார்ந்தாள். "மாத்திரை போட்டீங்களா மாமா?"

"ஆறு மணிக்கே. ரெண்டு கிளாஸ் தண்ணி குடிக்கணும்னு சட்டம். குடிச்சுட்டு நடந்தா உள்ள அலை அடிக்குது."

"இப்போ பசிக்குதா?"

"பசியா? பானைய இன்னும் விட்டு வச்சிருக்கேன்னா அது இரும்புங்கறதாலதான்."

மூன்றாவது முறை தட்டை நிரப்பினார். டல்சி தாளை எடுத்து உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

"போன வியாழக்கிழமை லஞ்சுக்கு முன்னாடி வயிறு முட்ட இருந்ததுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. இருந்தது."

"இன்னிக்கு மட்டும் ஏன் இப்படிச் சாப்பிடறீங்க?"

"இன்னிக்கும் லஞ்சுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும். எப்பவும் அப்படித்தானே."

"மாமா, நீங்க பொய் சொல்றீங்க."

முட்கரண்டி நின்றது. "டல்சி பட்ஜெல், உங்கப்பன்கூட என் மேஜைல உக்காந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. அவனுக்கு நான் ஒரு வலை தரணும், அப்பவும் சொன்னதில்ல." குளிர்பெட்டியைக் காட்டினார். "அந்தா மாட்டியிருக்கு இந்த வாரத் தாள். பொய்யைக் காட்டு பாக்கலாம்."

டல்சி எழுந்து போய்ப் பார்த்தாள். வியாழக்கிழமை. முதல் கோட்டில் கீறல். மூன்றாவது கோட்டில், அதாவது டின்னர் கோட்டில், இடது கோடியில் கொலைப்பசிக்கு அருகே பென்சில் கீறல். புதிது, தொட்டால் விரலில் கரி ஒட்டியது. நடுக்கோடு காலி.

"டின்னர் கோடு போட்டிருக்கீங்க. லஞ்ச் கோடு போடலயே?"

"டின்னர் இதோ முன்னாடி இருக்கு, போட்டேன். லஞ்சுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் கிடக்கு. இப்பவே எப்படிப் போடுவேன்? நேர்மையான மனுஷன் நான்." ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தார். "அச்சடிச்சவனுக்குத்தான் வரிசை தெரியல. லஞ்ச நடுவுல போட்டு டின்னரைக் கடைசில தள்ளியிருக்கான். டொராண்டோக்காரன், அவன்கிட்ட வேற என்ன எதிர்பாக்கறது?"

டல்சி குளிர்பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்த ஊரில் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு. ஆறு மணிக்குச் சப்பர். லஞ்ச் என்பது ராத்திரி ஒன்பதுக்கு, படுக்கப் போகும் முன், டீயும் பிஸ்கட்டும். பிங்கோவில் கடைசி ஆட்டம் முடிந்ததும் சர்ச் ஹாலில் கொடுப்பார்களே, அந்த லஞ்ச். பதினெட்டு வயது வரை அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் பத்தொன்பது வருடம் மத்தியானம் லஞ்ச் சாப்பிட்டு மறந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள்.

"தட்டுல இருக்கறத முடி. மன்னிக்கறேன்."

அவள் முடித்தாள். ருசி தெரியவில்லை. முடித்தாள்.

வண்டியில் ஏறியதும் ஹெட்லி சிரிக்க ஆரம்பித்தான். "அப்போ ஊரே சப்பரை முழுங்கிட்டு, வயிறு நிறைஞ்சிருக்குன்னு ராத்திரி ஒன்பதுக்குக் கோடு போட்டிருக்கு. அதை டொராண்டோல மத்தியானம்னு படிச்சிருக்கான். இதுக்கு மாத்திரை எதுக்கு? சப்பரை டப்பால அடைச்சு வித்திருக்கலாம்."

"காலைலயே நீ ஏன் சொல்லல?"

"நீங்க லஞ்ச்னீங்க. நானும் லஞ்ச்னுதான் நெனச்சேன்."

ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தருக்கும் மாத்திரை வேலை செய்யவும் இல்லை. மாத்திரை உள்ளே போனாலும் மத்தியானம் எல்லாருக்கும் எப்போதும்போலப் பசித்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு கேஸ் இப்படி அவிழும்போது டல்சிக்கு மார்புக்குள் ஏதோ லேசாகும். இன்று ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் பனிக்கட்டி அடைத்துக் கிடந்தது. அதன்மேல் யாரோ விட்டுப்போன ஒரு சறுக்குவண்டி.

மடியில் மேவிஸின் தாள்களை வைத்துப் புரட்டினாள். நவம்பரில் அவளும் மற்றவர்களைப் போலத்தான். காலையில் இடது பக்கம், டின்னருக்கு முன் இடது பக்கம், ராத்திரி லஞ்சுக்கு முன் வலது பக்கம். டிசம்பர் நடுவில் கீறல்கள் நகர ஆரம்பித்தன. கிறிஸ்துமஸுக்குப் பிறகு மூன்று கோட்டிலும் கீறல் வலது கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. காலை, மத்தியானம், ராத்திரி. தினமும். பதினொரு வாரமாக.

டொராண்டோவில் யாரும் இதைத் தனியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். லஞ்ச் நேரத்தில் எல்லாரும் நிறைந்திருக்கும்போது இவளும் நிறைந்திருந்தாள், அவ்வளவுதான்.

தாள்களை ஹெட்லி பக்கம் திருப்பினாள். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தான். கடைசித் தாள் வரை பார்த்தான்.

"மேவிஸ் வீட்டுக்குத்தானே?" என்றான். வண்டியை மறுபடி ரோட்டுக்கு எடுத்தான்.

மேவிஸ் சமையலறை நடுவில் ஒரு முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். நாளைய படத்துக்கான நீலக் கவுன். ஃபெர்ன் வாயில் குண்டூசிகளோடு கவுனை இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டல்சி, வா வா! பாத்தியா, என்னில பாதிய எங்கயோ தொலைச்சுட்டேன். நீ துப்பறியறவளாச்சே, கண்டுபிடிச்சாலும் திருப்பிக் கொண்டாந்துடாத!"

அவள் கழுத்தில் தோல் தொங்கியது. சிரிப்பு மட்டும் பழைய அளவில் இருந்தது.

டல்சி உட்கார்ந்து சொன்னாள். பிங்கோ பேனா, டின்னர், லஞ்ச், கோவரின் பானை. ஃபெர்ன் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"நான்தானே வாராவாரம் அனுப்பினேன். எனக்குத் தோணவே இல்லையே" என்றாள்.

"உனக்கும் லஞ்ச்னா ராத்திரிதானே. எப்படித் தோணும்?"

மேவிஸ் முக்காலியிலிருந்து இறங்கவில்லை. "சரி. கோவர் மாமாவுக்கு வேலை செய்யல. எனக்கு வேலை செஞ்சிருக்கு. செருப்பு எல்லாருக்கும் ஒரே அளவா?"

"முதல் ஆறு வாரம் உனக்கும் செய்யல, மேவிஸ்."

"மெதுவா வேலை செய்யற மருந்து."

"அக்கா..." என்றாள் ஃபெர்ன்.

"நீ சும்மா இருடி." குரல் உயரவில்லை. "டல்சி, உனக்குத் தெரியாததா? நாப்பது வருஷம் என்னைப் பாத்தவங்க எல்லாம் முதல்ல என் தட்டைப் பாத்தாங்க. கடைல ரொட்டி வாங்கினா கூடைக்குள்ள எட்டிப் பாத்தாங்க. பட்டினி கிடந்தாக்கூட, ஒளிச்சுத் தின்னுருப்பான்னாங்க. இப்போ முகத்தைப் பாக்கறாங்க. போன வாரம் பாதிரியார் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவருக்கு என் பேரு தெரியும்னே எனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் டல்சி. பாதிரியாரைப் பற்றி அல்ல.

மேஜைமேல் ஒரு கோப்பை டீ இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு குறைந்திருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடது. காலைல போட்டது."

"ரெண்டு வாய் குடிச்சிருக்க."

"போதும்னு இருந்துச்சு."

"மாத்திரையோட ரெண்டு கிளாஸ் தண்ணி குடிக்கணும்" என்றாள் டல்சி. "கோவர் மாமாவுக்கே உள்ள அலை அடிக்குதாம். ரெண்டு வாய் டீ இறங்காத வயித்துல அவ்வளவு தண்ணி எப்படி இறங்குது?"

 

மேவிஸ் முக்காலியிலிருந்து இறங்கினாள். அலமாரியின் மேல்தட்டில் கை விட்டு ஒரு பழைய டாஃபி டப்பாவை எடுத்து டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியை அவள் திறக்கவில்லை. ஃபெர்ன் திறந்தாள்.

உள்ளே பச்சை மாத்திரைகள். பாதி டப்பாவுக்குமேல்.

"கிறிஸ்துமஸ்லேருந்து ஒண்ணுகூட இறங்கல" என்றாள் மேவிஸ். "நெஞ்சுக்குக் கீழ போய் நின்னுடும். அப்புறம் மேல வந்துடும். நீ மாசாமாசம் டப்பாவைத் தொறந்து எண்ணுவியே, அதுக்காகத் தினம் ஒண்ணா அதுலேருந்து எடுத்து இதுல போட்டேன்."

ஃபெர்ன் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் நர்ஸ்க்கா. உன் தங்கச்சி. என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலயா?"

"சொன்னா மாத்திரையால இல்லைன்னு ஆயிடும்ல" என்றாள் மேவிஸ்.

ஃபெர்ன் ஒரு கையில் குண்டூசிகளோடு முக்காலிமேல் உட்கார்ந்தாள். ஹெட்லி தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தில் எதையோ தேடுவதுபோல் பார்த்தான்.

டல்சிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. தெரிந்ததைச் சொன்னாள்.

"கேண்டர் ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம். ரோட்டுல இன்னிக்குப் பனி இல்ல. ஹெட்லி எஞ்சினை நிறுத்தல. இப்போ கிளம்பினா இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

மேவிஸ் அவளைப் பார்த்தாள். அப்புறம் தங்கையைப் பார்த்தாள். திரும்பிப் படுக்கையறைக்குள் போனாள்.

"வர மாட்டா" என்றாள் ஃபெர்ன் தாழ்ந்த குரலில். "கதவைச் சாத்திக்குவா. எனக்குத் தெரியும்."

கதவு சாத்தவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேவிஸ் வெளியே வந்தாள். குண்டூசி குத்திய கவுனுக்குமேல் பழைய குளிர்கோட்டு. அது அவளை ஒன்றரைச் சுற்று சுற்றி வந்தது. கையில் ஒரு பை. ஜிப் கடைசிவரை போட்டிருந்தது, இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. கைப்பிடியில் கட்டிய அட்டையில் அவள் கையெழுத்தில் பேரும் பிறந்த தேதியும் ஃபெர்னின் ஃபோன் நம்பரும் இருந்தன. எழுதிப் பல வாரம் ஆனதுபோல் மை வெளுத்திருந்தது.

ஃபெர்ன் அந்த அட்டையைப் படித்தாள். கையிலிருந்த ஊசிகள் தரையில் சிதறின.

மேவிஸ் அவற்றை மிதிக்காமல் சுற்றி நடந்து, மூன்று பேரையும் தாண்டி, படியிறங்கி, வண்டியின் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.